பொருளாதார வல்லுநர் வேலை: அரசிலும் நிறுவனங்களிலும் சேர, நிலைக்க, வளர ஒரு முழுமையான வழிகாட்டி

1970களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பார்ட் என்ற புதிய ரயில் சேவை தயாராகிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. டேனியல் மெக்ஃபாடன் தலைமையிலான பொருளாதாரக் குழு வேறு வழியில் போனது. கார், பஸ் என்று இருப்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர் நேரத்துக்கு எவ்வளவு மதிப்புத் தருகிறார், பணத்துக்கு எவ்வளவு தருகிறார் என்பதைப் பயணிகளிடம் திரட்டிய தரவிலிருந்து கணக்கிட்டு, 6.3 சதவீதம் என்றது. ரயில் ஓடத் தொடங்கிய பிறகு உண்மையில் வந்த அளவு 6.2. இவ்வளவு நெருங்கி வந்ததில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று மெக்ஃபாடனே பின்னாளில் எழுதினார். 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த முறைதான் காரணம்.

இந்த வேலையின் சாரம் இந்த நிகழ்வில் இருக்கிறது. யாரோ ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது, பெரும்பாலும் தெளிவில்லாமல். அதை அளந்து பதில் சொல்லக்கூடிய கேள்வியாக மாற்றி, கெடு தேதிக்குள் பதில் தந்து, அந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்பவர் பொருளாதார வல்லுநர். தொலைக்காட்சியில் வந்து அடுத்த ஆண்டு வளர்ச்சி இத்தனை சதவீதம் என்று சொல்வது இந்தத் தொழிலின் மிகச் சிறிய பகுதி. இந்தத் துறையில் நுழைய நினைக்கும் மாணவர்களையும், வேறு வேலையிலிருந்து மாற விரும்புகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: எந்த மாதிரி வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"பொருளாதார வல்லுநர்" என்ற ஒரே பெயர்ப்பலகையின் கீழ் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத வேலைகள் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல் படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர்.

அரசுப் பக்கம் பார்த்தால், நிதி அமைச்சகத்தில் வரி, செலவு, கடன் பற்றிய குறிப்புகள் எழுத வேண்டும். நாட்கள் பட்ஜெட் கால அட்டவணையைச் சுற்றியே ஓடும். மத்திய வங்கியில் பணவீக்கக் கணிப்பும் வட்டி விகிதமும்தான் மையம். அங்கே ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு கொள்கைக் கூட்டத்துக்கும் முந்தைய வாரங்கள் கடுமையானவை. சந்தையில் நியாயமான போட்டியைக் காக்கும் போட்டி ஆணையங்களிலும் மின்சாரம், தொலைத்தொடர்பு போன்ற துறைகளின் ஒழுங்குமுறை அமைப்புகளிலும் ஒவ்வொரு நிறுவன இணைப்பும் ஒரு வழக்கு மாதிரி நடக்கும். சுகாதாரம், கல்வி, போக்குவரத்து அமைச்சகங்களில் ஒரு திட்டத்துக்குப் போடும் பணத்துக்குத் தகுந்த பலன் வருகிறதா என்று பார்க்கும் வேலை. சில நாடுகளில் நாடாளுமன்றத்துக்கென்று தனியாக ஒரு பட்ஜெட் அலுவலகம் உண்டு. அமெரிக்காவின் காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம் 1975இல் வேலையைத் தொடங்கியது. ஒரு மசோதாவுக்கு எவ்வளவு செலவாகும் என்று அது கணக்கிடும். அதை நிறைவேற்றலாமா கூடாதா என்று பரிந்துரை செய்யாது. அந்த மௌனம்தான் அதன் கணக்குக்கு இரு கட்சிகளிடமும் மதிப்பைத் தருகிறது என்று நினைக்கிறேன்.

புள்ளியியல் அலுவலகங்களைப் பற்றி யாரும் ஆர்வமாகப் பேசுவதில்லை. என் கணக்கில் இந்தத் தொழிலைக் கற்க அதைவிட நல்ல இடம் குறைவு. ஜிடிபி என்ற மொத்த உள்நாட்டு உற்பத்தி, விலைக் குறியீடு, வேலையின்மை விகிதம் எல்லாம் எப்படித் திரட்டப்படுகின்றன, முதல் மதிப்பீடு ஏன் பின்னால் திருத்தப்படுகிறது, எந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதெல்லாம் அங்கே கைப்பழக்கமாகவே வந்துவிடும். பிறகு எங்கே போனாலும் அது துணை நிற்கும்.

வணிகப் பக்கம் வங்கிகளும் முதலீட்டு நிறுவனங்களும் பழைய இடங்கள். வட்டி, நாணய மதிப்பு, கச்சா எண்ணெய் பற்றி வாடிக்கையாளர்களுக்கு எழுதுவதும் பேசுவதும் அங்கே வேலை. பொருளாதார ஆலோசனை நிறுவனங்கள் நீதிமன்றத்துக்கும் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் போகும் வழக்குகளில் கணக்கிட்டுக் கொடுக்கின்றன. காப்பீடு, எரிசக்தி, விமானப் போக்குவரத்து, சில்லறை வணிகம் எல்லாவற்றிலும் விலை நிர்ணயத்துக்கும் தேவைக் கணிப்புக்கும் ஆட்கள் வேண்டும். கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதாக வளர்ந்தது தொழில்நுட்ப நிறுவனங்களின் பக்கம். பேராசிரியராகவும் பாடநூல் ஆசிரியராகவும் இருந்த ஹால் வேரியன் 2002இல் கூகுளுக்கு ஆலோசகராகப் போய், விளம்பர ஏலத்தை ஆராயத் தொடங்கி, அங்கேயே தலைமைப் பொருளாதார வல்லுநரானார். அதன்பின் மற்ற நிறுவனங்களும் அதே வழியில் ஆள் எடுக்க ஆரம்பித்தன.

இரண்டுக்கும் நடுவில் ஐஎம்எஃப் என்ற சர்வதேச நாணய நிதியம், உலக வங்கி, வட்டார வளர்ச்சி வங்கிகள் இருக்கின்றன.

படி 2: படிப்பு

பட்டப்படிப்பில் நான்கு விஷயங்களை விட்டுவிடக் கூடாது: நுண்ணியல் பொருளியல் (தனி மனிதரும் நிறுவனமும் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது), புள்ளியியலும் பொருளாதார அளவையியலும் (பொருளாதாரத் தரவை அலசும் புள்ளியியல் முறைகள்), கணிதம், எழுத்து. நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பார்க்கும் பேரியல் பொருளியல் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் அது எல்லாப் பாடத்திட்டத்திலும் எப்படியும் வந்துவிடும். மாணவர்கள் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பது கணிதத்திலிருந்துதான். நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு மூன்றும் கையில் இல்லாவிட்டால் முதுகலையில் பாதிப் பாடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது போலத்தான். கல்லூரியில் இவை கிடைக்காவிட்டால் விடுமுறையில் தனியாகவாவது படித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகப் போதுமான பாடங்கள் இருக்கின்றன.

பொருளாதாரப் பட்டம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பொறியியல், கணிதம், இயற்பியல் படித்துவிட்டு முதுகலையில் பொருளியலுக்கு மாறியவர்கள் இந்தத் துறையில் ஏராளம். அவர்களுக்குக் கணிதம் சுலபம். விலை உயர்ந்தால் யார் என்ன செய்வார்கள், யாருக்கு எந்தத் தகவல் தெரியாது, யாருக்கு எதில் லாபம் என்று யோசிக்கும் பழக்கத்தைத்தான் புதிதாக வளர்த்துக்கொள்ள வேண்டும்.

முதுகலையா, முனைவர் பட்டமா? அரசு அமைச்சகங்கள், ஒழுங்குமுறை அமைப்புகள், வங்கி ஆராய்ச்சிப் பிரிவுகள், ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றின் தொடக்க நிலை வேலைகளுக்கு நல்ல முதுகலைப் பட்டம் போதும். மத்திய வங்கியின் ஆராய்ச்சிப் பிரிவு, ஐஎம்எஃப்பில் நேரடி நியமனம், தொழில்நுட்ப நிறுவனங்களின் பொருளாதாரக் குழு, நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியாகப் போவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டத்தைக் கேட்பார்கள். முனைவர் பட்டம் அமெரிக்காவில் பொதுவாக ஐந்து, ஆறு ஆண்டுகள் எடுக்கும். ஒரே கேள்வியோடு இரண்டு, மூன்று ஆண்டுகள் தனியாக உட்கார்ந்திருக்க உங்களால் முடியுமா என்பதுதான் உண்மையான சோதனை. சம்பளத்துக்காக மட்டும் அதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். தயக்கம் இருந்தால் முதுகலைக்குப் பின் ஒன்றிரண்டு ஆண்டுகள் ஒரு மத்திய வங்கியிலோ பேராசிரியரிடமோ ஆராய்ச்சி உதவியாளராக இருந்து பாருங்கள். ஆராய்ச்சி தினசரி எப்படி இருக்கும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

படி 3: தரவோடு பழகுங்கள், மற்றவர் சரிபார்க்கும்படி வேலை செய்யுங்கள்

எக்செல் எல்லா இடத்திலும் இருக்கும். அதோடு தரவை அலச நிரல் எழுதும் ஆர், பைதான், ஸ்டாட்டா மூன்றில் ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். வணிகப் பக்கம் போக நினைத்தால், தரவுத்தளங்களிலிருந்து தரவை எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் கட்டாயம். நிறுவனத்தின் தரவு அந்தத் தளங்களில்தான் இருக்கும். ஒரு மொழியில் நன்றாக எழுத வந்துவிட்டால் மற்றது சில வாரங்களில் பிடிபடும். அதனால் எது சிறந்தது என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அதைவிட முக்கியம், மூலத் தரவிலிருந்து கடைசி அட்டவணை வரை ஒவ்வொரு படியும் எழுதி வைக்கப்பட்டிருப்பது. 2010இல் பொருளாதாரப் பேராசிரியர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் வெளியிட்ட கட்டுரை, அரசுக் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது. சிக்கன நடவடிக்கைகளை ஆதரித்த அரசியல்வாதிகள் பல நாடுகளில் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மறுபடி செய்து பார்த்தார். எண்கள் பொருந்தவில்லை. ஆசிரியர்களிடமே கேட்டு அவர்களுடைய எக்செல் கோப்பைப் பெற்றார். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படவில்லை, நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும் விவாதத்துக்குரியதாக இருந்தது. எல்லாவற்றையும் திருத்தியபோது அந்தச் சராசரி 2.2 சதவீதம் ஆனது. கடன் கூடிய நாடுகளில் வளர்ச்சி குறைவு என்ற போக்கு திருத்தத்துக்குப் பிறகும் ஓரளவு இருந்தது. 90 சதவீதத்தைத் தாண்டினால் பள்ளத்தில் விழுவோம் என்ற எண்ணத்துக்குத்தான் இடமில்லாமல் போனது.

இதிலிருந்து பழக்கமாக்க வேண்டியது இவ்வளவுதான்: முக்கியமான எந்த எண்ணையும் இன்னொருவர் முதலிலிருந்து கணக்கிட்டுப் பார்க்காமல் வெளியே அனுப்பாதீர்கள். நல்ல குழுக்களில் இது எழுதப்படாத விதி. உங்கள் குழுவில் இல்லையென்றால் நீங்களே தொடங்குங்கள்.

படி 4: "எதோடு ஒப்பிட்டு?" என்று கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்கப் போகிறேன். பொறியாளரும் கணக்காளரும் தரவு விஞ்ஞானியும் செய்யாத ஒன்றைப் பொருளாதார வல்லுநர் செய்கிறார் என்றால் அது இதுதான். ஒரு திட்டம் நடந்தது, நல்லது நடந்தது. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்?

இணைய விற்பனைத் தளமான ஈபே நிறுவனம் கூகுள், பிங் போன்ற தேடுபொறிகளில் விளம்பரத்துக்குப் பெரும் தொகை செலவிட்டுவந்தது. விளம்பரத்தைச் சொடுக்கியவர்கள் நிறைய வாங்கினார்கள் என்று அறிக்கைகள் காட்டின. அங்கே பணியாற்றிய பொருளாதார வல்லுநர்கள் தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் மூவரும் ஒரு சந்தேகத்தை எழுப்பினார்கள்: தேடலில் "ஈபே" என்றே தட்டச்சு செய்கிறவர் விளம்பரம் இல்லாவிட்டாலும் ஈபேக்குத்தானே வருவார்? 2012இல் சில தேடுபொறிகளில் அந்த விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரம் வழியாக வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும், அதற்குக் கீழே இருந்த இலவச இணைப்பின் வழியாக வந்துவிட்டார்கள். பிறகு அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் பிற தேடல் விளம்பரங்களையும் நிறுத்தி, மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். புதிதாக வருபவர்களிடமும் எப்போதாவது வருபவர்களிடமும் விளம்பரம் வேலை செய்தது. ஆனால் செலவின் பெரும்பகுதி எப்படியும் வாங்கப்போகிற வழக்கமான வாடிக்கையாளர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. மொத்தத்தில் போட்ட பணம் திரும்பவில்லை. 2015இல் இது எக்கனாமெட்ரிகா என்ற பொருளாதார ஆய்விதழில் வெளியானது. இதில் சிக்கலான கணிதம் எதுவும் இல்லை. ஒப்பீடு சரியாக அமைந்தது, அவ்வளவுதான்.

அரசுப் பக்கம் இதே போன்ற கதை மெக்சிகோவில் நடந்தது. 1997இல் நிதி அமைச்சகத்தின் துணை அமைச்சராக இருந்த பொருளாதார வல்லுநர் சந்தியாகோ லெவி, ப்ரோக்ரெசா என்ற திட்டத்தைத் தொடங்கியதில் முக்கியப் பங்கு வகித்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தரும் திட்டம் அது. எல்லா ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் கொண்டுபோக முடியாத நிலை. அந்தக் கட்டாயத்தையே வாய்ப்பாக்கினார்கள். மதிப்பீட்டுக்கு 506 கிராமங்களை எடுத்து, குலுக்கல் முறையில் 320இல் முதலில் தொடங்கினார்கள். மீதி 186இல் பின்னர். இரண்டையும் ஒப்பிட்டதில் பள்ளியில் தொடர்வோர், குறிப்பாக மேல்வகுப்புகளில் பெண் பிள்ளைகள், கூடியிருந்தது தெரிந்தது. 2000இல் ஆட்சி மாறியது. முந்தைய ஆட்சியின் திட்டங்களைத் தூக்கி எறியும் வழக்கம் எங்கும் உண்டு. இது பெயர் மட்டும் மாறித் தொடர்ந்தது. வேறு பல நாடுகளும் இதே வடிவத்தை எடுத்துக்கொண்டன. மதிப்பீடு அத்தனை வலுவாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

சோதனை நடத்த முடியாத இடங்களில் இயற்கையாக அமைந்த ஒப்பீட்டைத் தேட வேண்டும். 1992இல் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் எல்லையின் இரு பக்கமும் உள்ள துரித உணவகங்களில் வேலைவாய்ப்பை ஒப்பிட்டு, எதிர்பார்த்த வீழ்ச்சி இல்லை என்று காட்டினார்கள். அந்த முடிவைப் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்த முறை தொழிலையே மாற்றியது.

தினமும் செய்திகளைப் படிக்கும்போது இந்தக் கேள்வியைப் போட்டுப் பழகுங்கள். "புதிய சாலை வந்தபின் வியாபாரம் பெருகியது" என்றால், சாலை வராத ஒத்த ஊர்களில் என்ன ஆனது? "பயிற்சி பெற்றவர்களுக்குச் சம்பளம் கூடியது" என்றால், பயிற்சிக்கு வந்தவர்கள் முன்பே முனைப்பானவர்களாக இருந்தார்களா?

படி 5: காட்டுவதற்கு ஒரு வேலையைக் கையில் வைத்திருங்கள்

சான்றிதழ்களை அடுக்குவதைவிட முடித்த ஒரே ஒரு பகுப்பாய்வு மேல். செய்யும் முறை இது. வெளிவந்த ஒரு கட்டுரையை, தரவும் நிரலும் கூடவே வெளியிடப்பட்டதாகப் பார்த்து எடுங்கள். பல முன்னணி இதழ்கள் இப்போது இரண்டையும் கேட்டு வாங்கி வெளியிடுகின்றன. அதன் முக்கிய அட்டவணையை முதலிலிருந்து நீங்களே உருவாக்குங்கள். எண்கள் ஒத்துவந்ததும் ஒரு மாற்றம் செய்யுங்கள்: காலத்தை நீட்டுங்கள், ஒரு பிராந்தியத்தை விட்டுப் பாருங்கள், வேறு அளவீட்டைப் போடுங்கள். முடிவு தாங்குகிறதா?

அப்புறம் அதையே இரண்டு பக்கக் குறிப்பாக எழுதுங்கள். முதல் பத்தியில் முடிவு இருக்க வேண்டும். இரண்டாவதில் ஏன் நம்பலாம், மூன்றாவதில் எங்கே தவறலாம். ஒரே ஒரு வரைபடம். பொருளாதாரம் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, படித்ததும் என்ன புரிந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வது நீங்கள் எழுத நினைத்ததாக இல்லாவிட்டால் மறுபடி எழுதுங்கள். இந்த இரண்டு பக்கத்துக்கு ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. நேர்காணலில் உட்காரும்போது பேசுவதற்கு உங்களிடம் உண்மையான ஒரு விஷயம் இருக்கும்.

தரவுக்குப் பஞ்சமில்லை. உலக வங்கி, ஐஎம்எஃப், செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஃப்ரெட் தளம், ஒவ்வொரு நாட்டின் புள்ளியியல் அலுவலகம் எல்லாம் இலவசமாகத் தருகின்றன.

படி 6: நுழைவாயில்கள்

சில நாடுகளில் பொருளாதார வல்லுநர்களுக்கென்றே தனி அரசுப் பணி உண்டு. இந்தியப் பொருளாதாரப் பணி 1961இல் உருவானது. அதற்கு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யுபிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. பிரிட்டனின் அரசுப் பொருளாதாரப் பணி 1964இல் வந்தது. மற்ற நாடுகளில் அமைச்சகமும் மத்திய வங்கியும் நேரடியாக ஆள் எடுக்கும். சர்வதேச நிறுவனங்களில் இளம் வல்லுநர்களுக்கான திட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் வயது வரம்பும் உண்டு என்பதால் முன்கூட்டியே நிபந்தனைகளைப் பார்த்துவையுங்கள். முனைவர் பட்டத்தை முடிப்பவர்களுக்கு அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் நடத்தும் வேலைப் பட்டியல்தான் முக்கியச் சந்தை. பல்கலைக்கழகங்களோடு மத்திய வங்கிகளும் நிறுவனங்களும் அதில் ஆள் தேடுகின்றன.

நேர்காணலில் இரண்டு வகைக் கேள்வி வரும். ஒன்று பாடம்: தேவை நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது) என்றால் என்ன, இந்த ரெக்ரஷனில் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணிக்கும் முறை) என்ன கோளாறு. இன்னொன்று திறந்த கேள்வி, உதாரணமாக "சர்க்கரை பானங்களுக்கு வரி போடலாமா?" உடனே ஆம், இல்லை என்று பாய வேண்டாம். நோக்கம் என்ன என்று முதலில் கேளுங்கள். அரசுக்கு வருவாயா, உடல்நலமா? இரண்டும் எதிர்த்திசையில் இழுக்கும். மக்கள் குடிப்பதை நிறுத்திவிட்டால் வருவாய் வராது. அடுத்து, வரி யார் தலையில் விழும், ஏழைக் குடும்பங்களுக்கு எவ்வளவு சுமை, மாற்றாக எதைக் குடிப்பார்கள் என்று போகலாம். கடைசியில் வரியின் வடிவம். பிரிட்டன் 2016இல் அறிவித்து 2018 ஏப்ரலில் கொண்டுவந்த வரி, 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் கிடையாது, 5 முதல் 8 கிராம் வரை ஒரு விகிதம், 8க்கு மேல் அதைவிட அதிகம் என்று தட்டு தட்டாக அமைந்தது. அதனால் வரி அமலுக்கு வரும் முன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துத் தயாரிக்கத் தொடங்கிவிட்டன. குடிப்பவரை மாற்ற முயல்வதைவிடத் தயாரிப்பவரை மாற்றுவது சுலபம் என்று அந்த வடிவமே சொல்லிவிடுகிறது. கேட்பவர்கள் எதிர்பார்ப்பது இப்படி ஒழுங்காக யோசிப்பதைத்தான்.

படி 7: அரசுக்குள் வேலை செய்யும் விதம்

நேரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். முடிவு செவ்வாய்க்கிழமை என்றால் வியாழக்கிழமை தரும் சிறந்த பகுப்பாய்வால் யாருக்கும் பயனில்லை. மூன்று மணி நேரத்தில் ஒரு உத்தேசக் கணக்கு, மூன்று நாளில் இன்னும் உறுதியானது, மூன்று மாதத்தில் முழு ஆய்வு என்று ஒரே கேள்விக்கு மூன்று வேகத்தில் பதில் தரப் பழக வேண்டும்.

உங்கள் பரிந்துரை பல முறை ஏற்கப்படாது. அமைச்சர் வாக்காளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவர் பார்க்கும் காரணங்கள் வேறு. அதைக் குறை சொல்ல முடியாது. உங்கள் கடமை, அவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வைப்பது.

ஒரு சிறிய அனுமானம் முடிவையே புரட்டிவிடும் என்பதையும் அரசில்தான் அதிகம் பார்ப்பீர்கள். முப்பது ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரூபாய்ப் பலனுக்கு இன்று என்ன மதிப்பு? ஆண்டுக்கு 3 சதவீத வட்டி என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஏறக்குறைய 41 ரூபாய். 7 சதவீதம் என்று வைத்தால் 13. அணை, ரயில், காலநிலைத் திட்டங்கள் எல்லாம் இந்த ஒரு எண்ணைப் பொறுத்து லாபமாகவோ நஷ்டமாகவோ தெரியும். எனவே குறிப்பின் கடைசியில் அடிக்குறிப்பாக இதை ஒளித்து வைக்காமல், இரண்டு விகிதங்களிலும் கணக்கிட்டு முன்பக்கத்தில் போடுங்கள்.

சில சமயம் கோட்பாடு நேரடியாக அரசின் கருவியாகும். கம்பியில்லாத் தொலைத்தொடர்புக்கான அலைக்கற்றையை அமெரிக்கா 1994இல் ஏலம் விட்டபோது, பல உரிமங்களை ஒரே நேரத்தில் பல சுற்றுகளாக ஏலம் விடும் முறையை வடிவமைத்ததில் பால் மில்க்ராம், ராபர்ட் வில்சன் போன்றோர் பங்கேற்றார்கள். அந்த முறையைப் பல நாடுகள் பின்பற்றின. 2020இல் இருவரும் நோபல் பெற்றார்கள்.

பிடிக்காத செய்தியைச் சொல்ல வேண்டிய நாளும் வரும். ரகுராம் ராஜன் ஐஎம்எஃப்பின் தலைமைப் பொருளாதார வல்லுநராக இருந்த 2005இல், மத்திய வங்கியாளர்கள் கூடும் ஜாக்சன் ஹோல் மாநாட்டில் நிதித்துறை அபாயத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறது என்று எச்சரித்தார். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் அன்றைய தலைவர் அலன் கிரீன்ஸ்பானைக் கௌரவிக்கக் கூடியிருந்த அரங்கு அது. கடுமையான விமர்சனம் வந்தது. மூன்று ஆண்டுகளில் நெருக்கடி வெடித்தது. கிரேக்கப் புள்ளியியல் அலுவலகத்துக்கு 2010இல் தலைமையேற்ற ஆண்ட்ரியாஸ் ஜார்ஜியூ, 2009ஆம் ஆண்டு நிதிப் பற்றாக்குறை ஜிடிபியில் 15.4 சதவீதம் என்று வெளியிட்டார். ஐரோப்பியப் புள்ளியியல் அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. அவரோ சொந்த நாட்டில் ஆண்டுக்கணக்கில் வழக்குகளைச் சந்தித்தார். இப்படிப்பட்ட விலையை எல்லோரும் கொடுக்க நேராது. ஆனால் "இந்த எண்ணைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்ற மெல்லிய குரல் எல்லா அலுவலகத்திலும் என்றாவது கேட்கும். அன்றைக்கு என்ன செய்வது என்பதை முன்பே முடிவுசெய்து வைத்திருப்பது நல்லது.

படி 8: நிறுவனத்துக்குள் வேலை செய்யும் விதம்

அங்கே கேள்வி குறுகலாக இருக்கும், பதில் சீக்கிரம் சோதிக்கப்படும். விலையை 5 சதவீதம் உயர்த்தினால் எத்தனை பேர் போய்விடுவார்கள்? டெலிவரியை ஒரு நாள் வேகமாக்கினால் கூடுதல் விற்பனை செலவை ஈடுகட்டுமா? இதற்குப் பதில் சொல்லும்போது முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காமல், எதைச் செய்யலாம், எவ்வளவு லாபம், தவறினால் எவ்வளவு நஷ்டம் என்று முடிவின் மொழியில் பேசுங்கள். முறையைக் கேட்பவருக்குக் காட்ட இணைப்பு தயாராக இருக்கட்டும்.

நிறுவன இணைப்பு வழக்குகள் தனி உலகம். 1997இல் அமெரிக்காவில் ஸ்டேபிள்ஸ், ஆபீஸ் டிப்போ என்ற இரண்டு எழுதுபொருள் கடைத்தொடர்கள் இணைய முயன்றன. எழுதுபொருள் எங்கேயும் கிடைக்கும், ஆகவே எங்கள் சந்தைப் பங்கு சிறியது என்பது அவர்கள் வாதம். அரசுத் தரப்பு, இரண்டு தொடர்களும் உள்ள ஊர்களில் விலை குறைவு, ஒன்று மட்டும் உள்ள ஊர்களில் விலை அதிகம் என்று விலைத் தரவைக் காட்டியது. நீதிமன்றம் இணைப்பைத் தடுத்தது. இந்த வேலையில் இரு தரப்பிலும் பொருளாதார வல்லுநர்கள் இருப்பார்கள். உங்கள் ஒவ்வொரு அனுமானத்தையும் எதிர்த்தரப்பு நிபுணர் கிழித்துப் பார்ப்பார். கற்றுக்கொள்ள இதைவிடக் கடுமையான பள்ளி இல்லை.

யார் பணம் தருகிறார்கள் என்பது பதிலைச் சாய்த்துவிடக் கூடாது. 2008 நெருக்கடிக்குப் பின் எழுந்த விமர்சனங்களைத் தொடர்ந்து, அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2012இல் தன் இதழ்களில் எழுதுவோர் நிதித் தொடர்புகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விதித்தது. விதி இல்லாத இடத்திலும் அதையே செய்யுங்கள்.

படி 9: இடம் மாறுதல், வளர்ச்சி

பல்கலைக்கழகம், அரசு, வணிகம் மூன்றுக்கும் இடையே நடமாட்டம் இந்தத் தொழிலில் சகஜம். மன்மோகன் சிங் பேராசிரியராக இருந்து, 1972இல் இந்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராகி, மத்திய வங்கியின் ஆளுநராகி, 1991இல் நிதியமைச்சரானார், பின்னர் பிரதமர். ஜேனட் யெல்லன் அமெரிக்காவில் அதிபரின் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவர், ஃபெடரல் ரிசர்வ் தலைவர், நிதியமைச்சர் என மூன்று பதவிகளையும் வகித்த முதல் நபர். பெரும்பாலானோரின் வளர்ச்சி இத்தனை உயரம் போகாது, போக வேண்டியதும் இல்லை. ஒரு துறையை, மின்சாரமோ மருத்துவமோ விவசாய விலையோ, பத்து ஆண்டுகள் விடாமல் பார்த்தவரின் சொல்லுக்கு இருக்கும் எடை பொதுப்படையாகப் பேசுபவருக்கு வராது. அரசில் தொடங்குவது நல்லதா, வணிகத்தில் தொடங்குவது நல்லதா என்றால், நான் அரசு என்பேன். பரந்த தரவும் பெரிய கேள்விகளும் இளம் வயதிலேயே கைக்கு வருவது அங்கேதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒழுங்குமுறை அமைப்பிலிருந்து அது ஒழுங்குபடுத்தும் நிறுவனத்துக்கே நேராகப் போவதில் பல நாடுகளில் இடைவெளிக் காலக் கட்டுப்பாடு உண்டு. சேரும்போதே அதைப் படித்துவிடுங்கள்.

படி 10: முதல் வேலையை ஏற்கும் முன்

சம்பளக் கடிதம் கைக்கு வந்ததும் சில கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் குறிப்பை யார் படிப்பார்கள்? அவருக்கும் முடிவெடுப்பவருக்கும் நடுவில் எத்தனை பேர்? தரவு உங்கள் கைக்கே வருமா, யாரோ தயாரித்த அட்டவணையாக வருமா? கணக்கைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் இருக்கிறாரா? கடந்த ஆண்டு பொருளாதாரக் குழு சொன்னதால் மாறிய ஒரு முடிவைச் சொல்ல முடியுமா? கடைசிக் கேள்விக்கு உடனே ஒரு உதாரணம் வந்தால் சேருங்கள். நீண்ட நேரம் யோசித்தும் வராவிட்டால், இன்னொரு இடத்துக்கும் விண்ணப்பித்து வையுங்கள்.